பதினேழு தரம் செத்தவர்

— சப்பாத்தைக் கழட்டாதேங்கோ அண்ணை, நிலம் விறைக்கும். காலமையில இருந்து எல்லாரும் சப்பாத்தோடதான் வந்து போச்சினம்.

— பழகிப்போச்சு… இந்தக் கதிரையில இருக்கலாமே?

— அதில… சரி, இருங்கோ.

— அவற்ற கதிரையோ? அப்ப நான் அங்கால—

— இருங்கோ எண்டுறன். நான் கலியாணம் முடிச்சு இருபத்தாறு வருசத்தில இண்டைக்குத்தான் என்ர வீட்டு வாசல் மிதிச்சிருக்கிறியள். நிண்டபடியே போகப் போறியளே?

— சேர்ச்சுக்கும் வரலாம் எண்டுதான் வெளிக்கிட்டனான், யோகா. நாப்பதாம் நாள் பூசை எண்டு மெசேஜ் போட்டிருந்தாய்… பிளேன் பிந்திப்போச்சு.

— பிளேன் பிந்தேல்லை அண்ணை. நான் போனில பாத்தனான். மெல்பேர்ன் பிளேன் எட்டு மணிக்கே சிட்னிக்கு வந்திட்டுது.

— …எதிர்ப்பக்கம் பஸ் ஸ்ரொப்பில நிண்டனான்.

— தெரியும். கண்டனான்.

— கண்டிட்டுக் கூப்பிடேல்லையே?

— நீங்களா வருவியள் எண்டு பாத்தன்.

— உள்ளுக்க அவையின்ர பாட்டுக் கேட்டுது. கால் வரேல்லை… பிறகு மேய்ஸ் ஹில் முருகனிட்டப் போய் ஒரு மோட்ச அர்ச்சனை செய்விச்சன்.

— அவற்ற பேரிலயோ?

— ஓம். ஐயர் பேர் கேட்டார். ‘அர்ஷாக்’ எண்டன். ‘அர்ச்சகர் நான்தான், செத்தவற்ற பேரைச் சொல்லுங்கோ’ எண்டுறார்.

— ஐயோ அண்ணை…

— சிரிக்காத. பின்னால நிண்ட சனமும் சிரிச்சது.

— அவர் கேட்டிருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பார். அதையே பத்து விதமா நடிச்சும் காட்டியிருப்பார்… பொறுங்கோ, தேத்தண்ணி போடுறன்.

— இருக்கட்டும், பிறகு குடிப்பம். இந்தப் படத்தில கிரீடம் வச்சுக்கொண்டு நிக்கிறது ஆர்?

— அவர்தான். முப்பத்தொரு வயசு. கியூம்ரி எண்டு ஆர்மீனியாவில அவற்ற ஊர். அங்கத்தைத் தியேட்டரில ராசா வேசம்.

— இவ்வளவு வடிவான மனுசனே?

— பத்தொன்பது வயசில மேடை ஏறினவர் அண்ணை. ஏழு படம். றோட்டில நடக்கேலாதாம், சனம் மறிச்சு வச்சுக் கதைக்குமாம்.

— இஞ்ச வந்து?

— இஞ்ச வந்து பள்ளிக்கூடம் கூட்டினவர்.

— நான் ஒருக்கா ரீவியில பாத்தனான். கப்பலில பெட்டி இறக்கிக்கொண்டு நிண்டவர். நான் குசினிக்குப் போய்த் தண்ணி குடிச்சிட்டு வாறதுக்குள்ள சுட்டுப்போட்டினம்.

— எல்லாத்திலயும் சுட்டுப்போடுவினம். ரஷ்யக் கள்ளன், அரபுக் கள்ளன், கிரேக்கக் கள்ளன்… ஒருக்கா மட்டும் தண்ணியில தாட்டவை. நான் எண்ணி வச்சிருக்கிறன், ரீவியில பதினேழு தரம் செத்தவர்.

— வசனம் ஒண்டும் குடுக்கிறேல்லையோ?

— வாயைத் திறந்தோடன பேப்பரைத் திருப்பி வாங்கிடுவினம். ‘முகம் நல்லாயிருக்கு, பேச்சுத்தான் சரிவராது’. ஒரு நாடகத்துக்கு மூண்டு மாசம் பாடமாக்கிக்கொண்டு போனவர். கடைசியில வாசல்காரன் வேசம் குடுத்தினம். கதவு திறக்கிறது, மூடுறது. நாடகம் முடியிற வரைக்கும் ஒரு நாள் பிந்தாமல் போய்த் திறந்து மூடினவர்.

— பாவம்… அப்ப அவையின்ர ஆக்கள் ஒண்டும் செய்யிறேல்லையோ?

— அவையின்ர ஹோலில வருசத்துக்கு ஒரு நாடகம் போடுவினம். எனக்கு ஒரு சொல்லும் விளங்காது. முன் வரிசையில இருந்து பாத்துக்கொண்டிருப்பன். மேடையில அது வேற ஆள் அண்ணை. முடிய வீட்டை வந்து, அடுத்தநாள் பள்ளிக்கூடம் கூட்டப் போவார்.

— எங்க பிடிச்சனி இந்த மனுசனை?

— நல்லாயிருக்கு! இங்கிலிஷ் வகுப்புக்கு நீங்கள்தானே காரில கொண்டுபோய் இறக்கிவிட்டனியள்?

— அங்கயே!

— டொக்டரும் வருத்தக்காரியும் கதைக்கிற மாதிரி நடிச்சுக்காட்டச் சொன்னா ரீச்சர். நான் தலையிடி எண்டன். அவர் மாத்திரை எழுதித் தரோணும், அவ்வளவுதான். மனுசன் என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு, ஒண்டும் பேசாமல் என்னையே பாத்துக்கொண்டு இருந்தார். நான் சாகப்போறன் எண்டு நினைச்சு உண்மையாவே அழுதிட்டன்.

— அதுக்காகக் கட்டுறதே?

— …அதுக்காகத்தான்.

— நான் சச்சிதானந்தன் வீட்டுக்கு வாக்குக் குடுத்திருந்தனான், யோகா. சனத்தின்ர முகத்தில முழிக்கேலாமல்தானே சிட்னியை விட்டிட்டு மெல்பேர்னுக்கு ஓடினனான். ஒரு கூத்தாடியோட… அதுவும் எங்கட பாசையே தெரியாத… சரி, விடு. இண்டைக்கு அது வேண்டாம்.

— வேண்டாம்.

— கடைசியில கஷ்டப்பட்டவரோ?

— மூச்சுத்தான். சுவாசப்பையில கான்சர். நேர்ஸ்மாருக்குப் பகிடி விடுவார், ‘இது பதினெட்டாவது, இந்த முறை கமரா இல்லை’ எண்டு… அண்ணை, நான் உங்களை வரச்சொன்னது பூசைக்கு மட்டுமில்லை.

— பிறகென்ன? வீட்டுப் பேப்பர் ஏதும் பாக்கோணுமோ?

— இல்லை. ஆஸ்பத்திரியில இருக்கேக்க ஒண்டு சொன்னவர். ‘உன்ர அண்ணற்ற இடத்தில நான் நிண்டிட்டன். அவரிட்ட மன்னிப்புக் கேள்’ எண்டு.

— அம்மாவைப் பாத்ததைச் சொல்லுறாரோ? அதுக்கென்ன மன்னிப்பு… நான் பாக்கேல்லை, அவர் பாத்தவர்.

— அது இல்லை… எப்பிடிச் சொல்லுறது…

— சொல்லன்.

— அம்மா உங்களிட்ட இருந்து இஞ்ச வந்தது ஞாபகம் இருக்கோ? எனக்கு ஒப்பரேசன், ஒரு மாசம் நிண்டு சமைச்சுத் தாறன் எண்டு வந்தவ.

— மறப்பனே? ‘அந்த வீட்டு வாசல் மிதிச்சா எனக்கு அம்மா இல்லை’ எண்டு சொன்னது நான்தானே.

— அது சும்மா கோவம், ஒரு மாசத்தில ஆறிடும் எண்டு அம்மா நம்பினவ. ரெலிபோனுக்குப் பக்கத்தில போய் இருந்துகொள்ளுவா. ‘தம்பி எடுத்தவனோ? தம்பி எடுத்தவனோ?’ நான் உங்களுக்கு எத்தினை மெசேஜ் விட்டன்!

— …கேட்டனான். எல்லாம் கேட்டனான்.

— கண் பார்வை போகத் தொடங்கிட்டுது. ஞாபகமும் அப்பிடி இப்பிடி, உங்களை இன்னும் இளந்தாரிப் பெடியன் எண்டு நினைச்சுக் கதைப்பா. பிறகு சாப்பாட்டையும் விட்டிட்டா. டொக்டர் சொன்னார், உடம்பில ஒண்டுமில்லை, மனசுதான் எண்டு.

— யோகா, காணும், விடு…

— கேளுங்கோ. அம்மாவின்ர சூட்கேசுக்குள்ள ஒரு கசெற் இருந்தது. நீங்கள் ஜேர்மனியில இருந்து பேசி அனுப்பினது.

— அதையே வச்சிருந்தவ? எண்பத்தாறாம் ஆண்டு… எனக்கு இருபத்தாறு வயசு. கடிதம் எழுதப் பஞ்சியில பேசி அனுப்பினனான்.

— அவர் பழைய ரேப் ரெக்கோடர் ஒண்டு தேடி எடுத்துக்கொண்டு வந்தவர். ரெண்டு மாசம் காருக்குள்ள இருந்து அதையே கேட்டவர். ஏன் எண்டு எனக்கும் சொல்லேல்லை. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, ‘அம்மா, நான்தான். சுகமா இருக்கிறியளே?’ எண்டார். அண்ணை… அது நீங்கள்தான். யாழ்ப்பாணத்தில இருந்து வெளிக்கிட்டுப் போன அந்த வரதராஜா அண்ணை.

— என்ன கதை இது…

— ‘ள’வும் ‘ழ’வும் அவையின்ர பாசையில இல்லையாம். நாக்கு நோகுது எண்டு ஐஸ்கட்டி வச்சவர். இங்கிலிஷ் சரியில்லை எண்டு இந்த ஊரே கதவைச் சாத்தின மனுசன்…

— பொறு. பொறு. நீ சொல்லுறது… அந்தாள் என்னைப்போல…

— ஞாயிற்றுக்கிழமை காலமை பத்து மணிக்கு. கீழ கார்பார்க்கில, காருக்குள்ள இருந்து எடுப்பார். அம்மா மேல இருந்து கதைப்பா. மூண்டரை வருசம்.

— யோகா!

— முதல் நாள் கதைச்சு முடிஞ்சோடன அம்மா புட்டுக் கேட்டவ அண்ணை. ரெண்டாந்தரமும் போடச்சொல்லிச் சாப்பிட்டவ.

— ஆர் உங்களுக்கு அனுமதி தந்தது? என்ர பேரில, என்ர அம்மாவோட… இது என்ன, உங்கட நாடகமே?

— ஏசுங்கோ. ஏசுவியள் எண்டு தெரிஞ்சுதான் கூப்பிட்டனான்.

— அம்மா பழைய கதை ஏதும் கேட்டா? அந்தாளுக்கு என்ன தெரியும்?

— இருமுவார். தெரியாததைக் கேட்டா உடன இருமல் வரும். ‘சுடுதண்ணி குடி, பனிக்குள்ள திரியாத’ எண்டு அம்மா அதுக்குப் போயிடுவா. மிச்சம் நான் எழுதிக் குடுத்தது. முக்கால்வாசி அம்மாதானே கதைப்பா. அவர், ‘ஓம் அம்மா… ஓம் அம்மா…’

— எப்ப வாறாய் எண்டு கேக்கேல்லையோ?

— ஒவ்வொரு கிழமையும். ‘வாறன் அம்மா’ எண்டுவார். அதைச் சொல்லிப்போட்டு வந்தா அண்டைக்குச் சாப்பிடமாட்டார்.

— பிறகு?

— போனை வச்சிட்டுப் படி ஏறி வருவார். அம்மா அவரிட்டயே சொல்லுவா, ‘மாப்பிளை, தம்பி கதைச்சவன்!’ எண்டு. இவர் ஒண்டும் தெரியாத மாதிரி, ‘தம்பி… என்ன… சொன்னது?’ எண்டு கேப்பார். வீட்டுக்குள்ள கடைசிவரைக்கும் அந்த உடைஞ்ச தமிழ்தான். வடிவாக் கதைச்சா அம்மா பிடிச்சிடுவா எண்டு.

— எதுக்கு? என்னத்துக்கு இவ்வளவும்? நான் அந்தாளை ஒரு மனுசனா மதிச்சதில்லை. ஆறு வருசத்துக்கு முன்னம், அம்மாவுக்குக் கொள்ளி வைக்க வந்த அண்டு, கை தர வந்தவர். நான் கையைக் கட்டிக்கொண்டு நிண்டனான்.

— உங்களுக்காக இல்லை அண்ணை. எண்பத்தெட்டில அவற்ற ஊரில பூமி நடுங்கினது. அவர் அண்டைக்கு மொஸ்கோவில, படப்பிடிப்பில. காலமை போன் எடுக்கிறன் எண்டு தாய்க்குச் சொல்லியிருந்தவர். ஒரு காட்சி சரிவரேல்லை எண்டு திருப்பித் திருப்பி எடுத்திருக்கினம். முடிச்சிட்டுக் கதைப்பம் எண்டு விட்டிட்டார்.

— தாய்?

— போனுக்குப் பக்கத்திலதான் இருந்திருக்கிறா. அங்கதான் கண்டெடுத்தவை.

— முருகா…

— அந்த ஊர் மேடையில பிறகு அவர் ஏறவே இல்லை. அம்மா செத்த பிறகு என்னட்டச் சொன்னவர், ‘இஞ்ச வந்து எனக்குக் கிடைச்ச ஒரே பெரிய வேசம் வரதராஜாதான்’ எண்டு.

— என்ர வேசம்…

— நல்ல மகனா நடிச்சவர். அம்மா கடைசிவரைக்கும் உங்களை ஒரு குறை சொன்னதில்லை. சாகிறதுக்கு முதல் நாள், ஆஸ்பத்திரியில, நான் போனைக் காதில வச்சுப் பிடிக்க, ‘உடம்பைப் பாத்துக்கொள் ராசா’ எண்டவ. அவர் வெளியில லிப்டுக்குப் பக்கத்தில நிண்டு கதைச்சவர். நான் போய்ப் பாக்க, அங்கயே நிலத்தில இருக்கிறார்.

— இதுக்குத்தானோ மன்னிப்பு, யோகா?

— மன்னிக்க ஏலுமெண்டா மன்னியுங்கோ. ஏலாட்டி ஏலாதெண்டு சொல்லுங்கோ. நான் கேட்டிட்டன், அவ்வளவுதான்.

— நான் ஆர் மன்னிக்க?

— ஒண்டு மட்டும் கேக்கிறன், கோவிக்காதேங்கோ. அந்த மூண்டரை வருசத்தில… ஒருக்கா, ஒரே ஒருக்கா அம்மாவுக்கு எடுப்பம் எண்டு உங்களுக்குத் தோணவே இல்லையோ?

— எடுத்தனான்.

— என்ன?

— ஒரு செவ்வாய்க்கிழமை. ட்ருகனினாவில, வேலை செய்யிற வெயர்ஹவுசுக்குப் பின்னால நிண்டு எடுத்தனான். நீங்கள் ரெண்டு பேரும் வேலைக்குப் போயிருப்பியள் எண்டு தெரியும். அம்மாதான் எடுத்தவ.

— அம்மா எனக்கு ஒண்டும் சொல்லேல்லையே! என்ன கதைச்சனியள்?

— இவ்வளவு காலமும் நீதான் அவவுக்குச் சொல்லிக்குடுத்து வச்சிருந்தாய் எண்டு நினைச்சனான். அம்மா என்னைத் தலைமுழுகிட்டா எண்டு… அதாலதான் செத்தவீட்டில உன்ர முகத்தையும் பாக்கேல்லை. இண்டைக்கு, இப்பதான் விளங்குது.

— என்ன சொன்னவ அண்ணை?

— இந்தக் கரகரத்த குரலில ‘அம்மா, நான்தான்’ எண்டன். எனக்கு அழுகை வந்திட்டுது. அவ கேட்டுக்கொண்டு இருந்தா. பிறகு வலு அன்பாச் சொன்னா… ‘நம்பர் மாறி எடுத்திட்டாய் ராசா. நீ ஆற்ற பிள்ளையோ… அழாத. வச்சிட்டு உன்ர அம்மாவுக்கு எடு, அவ பாத்துக்கொண்டு இருப்பா’ எண்டு.