மஞ்சள் புடவை நின்ற இடம்

எங்கள் ஊர் அந்தோணியார் கோயில் மணிக்கூண்டில் நல்ல காற்று வரும். அரியூர் வரை தெரியும். ஆனால், ஐயா, அன்று நான் ஏறியது காற்று வாங்க அல்ல.

நான் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். பதினெட்டு வருடமாக என் கவலையெல்லாம் பிளாஸ்மா. வாயுவைக் கடுமையாகச் சூடாக்கினால் அணுக்கள் உடைந்து, மின்னேற்றம் பெற்ற துகள்கள் கொந்தளிக்கும். காந்தப்புலம் வேலி போல நின்று அவற்றைப் பிடித்துவைக்கும். அந்தக் கொந்தளிப்பைச் சராசரிக் கணக்கால் புரிந்துகொள்ளலாம் என்பது ஒரு தரப்பு. கொந்தளிப்பே எதிரெதிர் ஓட்டங்களை உண்டாக்கி, அவற்றால் தானாக அடங்கும் என்பது என் தரப்பு. என் கட்டுரையை ஆய்விதழ்காரர்கள் மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். சோதனை எங்கே என்று கேட்டார்கள். ஒரு சோதனையைக் காட்டியே தீருவதென்று முடிவு செய்தேன்.

திருவிழாவில் தேர்மேல் தூவிய உப்பையும் மிளகையும் எடுத்துப்போனால் வீட்டில் நோய் அண்டாது என்பது எங்கள் நம்பிக்கை. தேர் நின்றதும் பாய்வார்கள். அதனால் சுற்றிலும் கயிறு கட்டி, பத்துப் பத்துப் பேராக விடுவோம். கயிற்று முடிச்சு என் பொறுப்பு. கூட்டம்தான் என் துகள்கள், கயிறுதான் காந்தப்புலம்.

ஓட்டத்தைத் தொடர அடையாளத் துகள் ஒன்று வேண்டும். என் மனைவி லூசியை மஞ்சள் புடவை கட்டி, கயிற்றை ஒட்டி முன்வரிசையில் நிற்கச் சொன்னேன்.

"இன்னாங்க, என் புடவையெல்லாம் கூட உங்க கண்ணுல படுதா?" என்று சிரித்தாள். பூ வைத்துக்கொண்டு போனாள்.

மாலை ஐந்து மணிக்கு முடிச்சைத் தளர்த்தினேன். மறுமுனையில் லூசியின் அக்கா மகன் சேவியர்ராஜ் நின்றான்.

"சித்தப்பா, இன்னா பண்றீங்க? கயிறு தொளதொளன்னு ஆவுது!"

"ஒன்னுமில்லடா, சரி பண்றேன்" என்று சொல்லிவிட்டு மணிக்கூண்டில் ஏறினேன்.

கயிறு விழுந்தது. கூட்டம் சுழன்றது. இரண்டாம் நிமிடம் எதிரெதிர் ஓட்டங்கள் தெளிவாகத் தெரிந்தன. சந்தோஷத்தோடு குறிப்பேட்டில் வரைந்துகொண்டேன். நான்காம் நிமிடம், நான் எழுதியிருந்தபடியே, எல்லாம் அடங்கியது. மஞ்சள் தரையோடு கிடந்தது. 'வேகம் பூஜ்ஜியம்' என்று குறித்துக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் அலறல் காதில் விழுந்தது.

முடிச்சைத் தளர்த்தியது நான். லூசியை அங்கே நிறுத்தியதும் நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். எனக்கு அவள்மேல் பாசமே இல்லை என்று சேவியர்ராஜ் வாக்குமூலத்தில் சொல்லியிருக்கிறானே, அதை மட்டும் அடித்துவிடுங்கள். இரண்டாயிரம் பேர் இருந்த கூட்டத்தில், கடைசிவரை நான் கண்ணெடுக்காமல் பார்த்தது அவள் ஒருத்தியைத்தான்.