வலது மடிப்பு

அச்சுப் பலகைக்குக் காட்டுச் செர்ரிதான் நல்ல மரம், ஐயா. உளி சொன்னபடி கேட்கும். இந்த எடோ நகரத்தில் முப்பத்தொரு வருடமாகப் படங்களுக்குப் பலகை செதுக்குகிறேன். பெண்களின் நெற்றியோர முடியை இழை இழையாகச் செதுக்கி எடுப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை.

ஓவியர் வரைந்த மெல்லிய தாளைப் பலகைமேல் கவிழ்த்து ஒட்டித்தான் செதுக்க வேண்டும். நிமிர்த்தி ஒட்டினால் அச்சில் எல்லாமே இடம் வலமாக மாறிவிடும். கற்றுக்குட்டிகள் செய்யும் தவறு அது. நான் செய்ததில்லை. ஒதாகியின் படத்தை ஒட்டிய அன்று எனக்குக் கடுமையான பல்வலி, அவ்வளவுதான்.

ஒதாகி ஆற்றங்கரைத் தேநீர்க் கடையில் வேலை பார்த்தவள். அவளைப் பார்ப்பதற்கென்றே கூட்டம் வரும். அதனால்தான் பதிப்பாளர் ஜின்பெய் அவளைப் படமாகப் போட்டார். இருநூறு படங்களும் கடைகளுக்குப் போன பிறகுதான் அவர் ஒன்றை எடுத்து உற்றுப் பார்த்தார்.

"என்ன மேஸ்திரி, உயிரோட இருக்கிற புள்ளையப் பாடையில ஏத்திட்டீங்களே" என்றார்.

படத்தில் அவள் உடுத்திய கிமோனோவின் வலது மடிப்பு இடது மடிப்புக்கு மேலே இருந்தது. பிணத்துக்குத்தான் நாம் அப்படி உடுத்துவோம்.

"ஓவியர் வரைஞ்சதத்தான் செதுக்கினேன்" என்றேன். ஓவியர் அப்போது தொலைவில் கியோட்டோவில் இருந்தார். வரைந்த தாளோ செதுக்கும்போதே உளியோடு போய்விடும். ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் மிச்சமில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் ஒதாகி பட்டறைக்கு வந்தாள். என்னைத் தவிர அங்கே யாரும் இல்லை.

"பொணம் ஊத்துற டீய யாரு குடிப்பான்னு சிரிக்கிறாங்க, மேஸ்திரி. கடைக்காரம்மா நாளையிலேர்ந்து வராதேன்னுட்டாங்க. இந்த மச்சத்தப் பாருங்க, எனக்கு இடது கன்னத்துல இருக்கு. படத்துல வலது பக்கம். அப்ப தப்பு உங்களோடதுதானே? கடை வாசல்ல வந்து ஒரு வார்த்த சொல்லுங்க, போதும்."

ஒரு வார்த்தைதான் கேட்டாள். அதைச் சொன்னால் என் பெயர் போய்விடும். சொல்லாவிட்டால் அந்த மச்சத்தை ஊர் முழுக்கக் காட்டிக்கொண்டு நடப்பாள். எந்தப் பக்கமும் வழியில்லை. பயந்துபோனேன் என்பதை மறைக்கவில்லை.

"உக்காரும்மா. வேற பலகை போட்டுடலாம். அளவு எடுக்கணும், மொகத்த நிமித்திக் கண்ண மூடிக்கோ."

அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் அழுதிருக்கவே மாட்டேன்ல" என்றாள்.

அச்சுக்காக நனைத்து வைத்த தாள்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. அவள் மூக்கையும் வாயையும் மூட ஆறு தாள் போதுமானதாக இருந்தது. என் கைகள் பலகையை அசையாமல் பிடித்துப் பழகியவை.

பிறகு படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவள் கிமோனோவைத் திருத்தினேன். வலது மடிப்பை மேலே கொண்டுவந்தேன். இடுப்புக் கச்சையை அவிழ்த்துக் கட்டுவதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது. அவள்மேல் எனக்குக் கோபமே கிடையாது.

விசாரிக்க வந்த நீங்களும் படத்தையும் அவளையும் அருகருகே வைத்துப் பாருங்கள், ஐயா. என் பலகையில் பிழை இல்லை. மச்சம் ஒன்றுதான் ஒத்துவரவில்லை. அதை ஓவியர்தான் பக்கம் மாற்றி வரைந்துவிட்டார் போலிருக்கிறது.