உள்ளே இருந்த பழைய மெசேஜ்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து காஞ்சிபுரம் வரும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் கம்பெனி அட்டை மாட்டிய இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவள் திடீரென்று சொன்னாள்:

"உள்ள இருக்கிறதுக்கு வெளிய யாரு இருக்காங்கன்னே தெரியாதுடி."

"எதைச் சொல்ற?"

"ஆஸ்பத்திரிக்கு ரத்த டெஸ்ட் ரிசல்ட் அனுப்புற புரோகிராம் எழுதினேன் இல்ல? சாதாரண ரிசல்ட்டுக்கு மெசேஜ் எழுதி அனுப்புற ஒரு ஸ்ட்ரக்ட் இருந்துச்சு. அதை அப்படியே அவசர ரிசல்ட்டுக்குள்ள வச்சிட்டு, மெசேஜை மட்டும் 'உடனே வாங்க'ன்னு புதுசா எழுதினேன்."

"ஜாவால அப்படித்தானே செய்வோம்?"

"ஜாவால அது இன்ஹெரிட்டன்ஸ், நாம புதுசா எழுதினதத்தான் கூப்பிடும். இது கோ லாங்குவேஜ், வெளிய புதுசா எழுதினது உள்ள இருக்கிறதுக்குத் தெரியாது. உள்ள இருக்கிறது தன்னோட பழைய மெசேஜையே அனுப்பிக்கினு இருந்திருக்குது. 'எல்லாம் நார்மல்'னு."

"ஐயோ. யாருக்குப் போச்சு?"

"ஐயம்பேட்டைல ஒருத்தருக்கு. அதை நம்பி வீட்டுலயே இருந்துட்டாரு. இப்ப ஐசியூல கெடக்குறாரு."

தோழி மெல்லக் கேட்டாள்.

"கம்பைல் பண்றப்போ தப்புன்னு கம்ப்யூட்டர் ஒண்ணுமே காட்டலையா?"

ஜன்னலோரம் இருந்தவள் முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

"ஒரு எர்ரர் காட்டியிருந்தா அவரு இன்னிக்கு நடமாடிக்கினு இருப்பாருடி."