பியூலா வாங்கின துப்பாக்கி

...அதனால உங்ககிட்ட ஒரு சின்னச் சம்பவம் சொல்லியே ஆகணும். பிளஸ் டூ பெற்றோர் கூட்டத்துல துப்பாக்கிக்கு என்ன வேலைன்னு கேக்காதீங்க. கதையை முழுசாக் கேட்டுட்டு அப்புறம் திட்டுங்க!

போன வருஷம் கனடா போயிருந்தேன். ஒரு சின்ன ஊரு... பனியும் வயலும்தான். அங்க நம்ம பாளையங்கோட்டைப் பொண்ணு ஒருத்தி, பியூலா. ஆஸ்பத்திரில நர்சு. வீட்டுக்காரர் செல்வின். அவங்க வீட்லதான் தங்கினேன். பியூலா என்கிட்ட சொல்றா, "அண்ணே, நான் மான் சுட்டேன்!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. நம்ம ஊர்ல மானைத் தொட்டா ஜெயிலு! அங்க அப்படியில்ல. அதுக்குன்னு ஒரு சீசன், பரீட்சை, லைசென்ஸ், அனுமதிச் சீட்டு. ஒரு சீட்டுக்கு ஒரே ஒரு மான். கூட வேலை பாக்கிறவங்க வருஷாவருஷம் இவளுக்குக் கறி குடுத்தனுப்புவாங்களாம். நாமளும் ஒரு தடவை குடுக்கணும்னு ஆசை. படிச்சு, எழுதி, பாஸும் பண்ணிட்டா.

ஆனா ஒரு பயம். என்ன பயம்? அவளே சொன்னா. "நான் நர்சுண்ணே. உசுரு துடிக்கிறதை தெனம் பாக்கிறவ. என் கையால ஒரு மான் பாதி உசுரோட காட்டுக்குள்ள ஓடிரக் கூடாது. விழுந்தா அந்த இடத்துலயே விழணும்."

சரி, துப்பாக்கி வாங்கணும். கடைக்குப் போறாங்க. லைசென்ஸ் யார் பேர்ல? பியூலா. சுடப்போறது யாரு? பியூலா. கடையில பேசினது யாரு?

...அப்பாமார் பக்கம் மட்டும் சத்தமே காணோமே!

கடைக்காரம்மா பேரு டோனா. வேட்டைக்கு ஏத்த வகை எடுத்து வெச்சுக் காட்டுறாங்க. ஒவ்வொரு குண்டுக்கும் கையால தாழ்ப்பாளை இழுத்துத் தள்ளணும். நம்ம கதவுத் தாழ்ப்பாள் மாதிரியேதான். செல்வின் கேக்கிறாரு, "இதுல பெரிசு எது?"

"மானுக்கு இவ்வளவு பெரிசு வேண்டாமே."

"நாளைப்பின்ன கரடி வந்தா?"

கரடிக்கும் இவருக்கும் என்ன வாய்க்கா வரப்புத் தகராறு? ஆனா நாம அப்படித்தானே! யூனிஃபார்ம் தச்சா ரெண்டு சைஸ் பெரிசு. வாங்குறதே ஒரு தடவை, பெரிசாவே வாங்கிருவோம். பளபளன்னு மரக்கட்டை போட்ட பெரிய துப்பாக்கி. பியூலா கையில ஒரு நிமிஷம் குடுத்துப் பாத்தாரா? பாக்கல!

சுட்டுப் பழகுற இடத்துக்குப் போறாங்க. நூறு மீட்டர்ல ஒரு அட்டை. முதல் குண்டு... டமார்! தோள்ல கழுதை உதைச்ச மாதிரி. ரெண்டாவது... மூணாவது... அட்டையில ஒரு ஓட்டை கூட இல்ல. ஏன்? உதை வரப்போகுதுன்னு உடம்புக்குத் தெரிஞ்சுபோச்சு. விசையை அமுக்குறதுக்கு முன்னாடியே கண்ணு தானா மூடிக்குது!

செல்வின் என்ன சொன்னாரு தெரியுமா? "கவனம் பத்தல உனக்கு. பழகப் பழகச் சரியாப் போயிரும்."

பியூலாவுக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துருச்சு. "என்னங்க... கண்ணை மூடிக்கிட்டு ஒரு உசுரைச் சுடச் சொல்றீங்களா? என்னால முடியாது."

மறுநாள் அந்தப் பெரிய துப்பாக்கியைத் திருப்பிக் குடுத்து மாத்தத் தனியா கடைக்குப் போனா. டோனா அன்னைக்குத்தான் அவகிட்ட நேராக் கேக்குறாங்க.

"நீ உக்கார்ற இடத்துல மான் எவ்வளவு தூரத்துல வரும்?"

"வயல் ஓரம். நூறு, நூத்தம்பது மீட்டர்."

"கண்ணை மூடிக்கோ. இதைத் தோளுக்குக் கொண்டு வா. ம்... இப்போ திற. மேல இருக்கிற குறிபாக்கிற கண்ணாடி வழியா என்ன தெரியுது?"

முதல் துப்பாக்கியில ஒரே இருட்டு. ரெண்டாவதுல பாதி வட்டம். மூணாவது... கழுத்தை நீட்டல, தலையைச் சாய்க்கல. கண்ணைத் திறந்தா முழு வட்டம்! சின்னக் குண்டு, உதை கம்மி. கறுப்பு பிளாஸ்டிக் கட்டை. விலையும் பாதிதான்.

"மிச்சப் பணத்துக்கு நல்ல கண்ணாடி ஒண்ணு மாட்டு. குண்டு வாங்கு. வாங்கின குண்டெல்லாம் தீர்ற வரைக்கும் அட்டையில சுடு," அப்படின்னாங்க டோனா.

வீட்ல செல்வின் பாக்கிறாரு. "என்னது இது, தொடப்பத்துக்குப் புடி போட்ட மாதிரி?" பியூலா துப்பாக்கியை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டா. லீவு நாளெல்லாம் அட்டைக்கு முன்னாடிதான்.

நவம்பர் மாசம். விடிகாலை. வயல் ஓரத்துல ரெண்டு பேரும் பனியில உக்காந்திருக்காங்க. மான் வருது... நூறு மீட்டர். நேருக்கு நேரா நிக்குது. செல்வின் கிசுகிசுன்னு, "சுடு, சுடு!" அவ சுடல. மான் நடக்குது... நிக்குது... பக்கவாட்டுல திரும்புது. இப்பதான் நெஞ்சு முழுசாத் தெரியுது.

ஒரே குண்டு.

நின்ன இடத்துலயே விழுந்துருச்சு. ஒரு அடி கூட ஓடல. பியூலா அழுதுட்டா. செல்வின் கேட்டாராம், "கண்ணை மூடலையா?"

"இல்லங்க. பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

...

சிரிச்சீங்க, சந்தோஷம். இப்போ கொஞ்சம் வலிக்கிற மாதிரி சொல்றேன். ஊர்லயே பெரிய காலேஜ் எது, பெரிய படிப்பு எதுன்னு தேடித் தேடிப் பிடிச்சு, பிள்ளை தோள்ல வெச்சிடுறோம். உதைக்கும். பிள்ளை கண்ணை மூடிக்கும். மார்க் வராது. நாம என்ன சொல்றோம்? "கவனம் பத்தல உனக்கு!" அந்தப் பிள்ளைக்கு எது பொருந்துதுன்னு ஒரு நிமிஷம் கையில குடுத்துப் பாத்தோமா? பெரிசு தப்புன்னு நான் சொல்லல. பொருந்துச்சுன்னா தாராளமா எடுக்கட்டும். ஆனா பொருந்துதா இல்லையான்னு சொல்லவேண்டியது அந்தத் தோளு.

என் கையில பதினேழு கேள்விச் சீட்டு வந்திருக்கு. 'எந்த கோர்ஸ் நல்லது சார்?' பதினேழும் அப்பா அம்மா எழுதினது. படிக்கப்போறவங்க எழுதினது ஒண்ணு கூட இல்ல.

இதுக்கு நான் பதில் சொல்லப் போறதில்ல. டீச்சர், அந்த மைக்கைக் கொஞ்சம் பின் வரிசைக்குக் கொண்டு போங்க. பிள்ளைங்க அங்கதான் உக்காந்திருக்காங்க.