விளக்கு மட்டும் எரியும் பொத்தான்

இந்த அறையின் சுவிட்ச் போர்டில் மூன்றாவது சுவிட்சுக்கு வேலையே இல்லை, ஐயா. வந்து உட்கார்ந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். உள்ளே வருகிற ஒவ்வொருவரும் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போகிறார்கள். குறையாகச் சொல்லவில்லை. என் தொழிலில் கண் முதலில் அங்கேதான் போகும்.

கார் ஷோரூமில் புது வண்டிகளுக்குச் சாமான் மாட்டிக் கொடுப்பது என் வேலை. சீட் கவர், ஹாரன், பின்பக்கக் கேமரா, இப்படி. ஒரே காரை நான்கு மாடலாக விற்பார்கள். விலை குறைந்த பேஸ் மாடலானாலும் விலை கூடிய டாப் மாடலானாலும் தகடும் கதவும் ஒன்றுதான். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். டாப் மாடலில் பொத்தான் இருக்கிற இடத்தில் பேஸ் மாடலில் ஒரு கறுப்பு மூடி இருக்கும். அழுத்தினால் ஒன்றும் ஆகாது. இங்கே ஒன்று இருந்திருக்க வேண்டும், உனக்குக் கொடுத்துவைக்கவில்லை என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். வாங்கியவர் தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் ஓட்ட வேண்டும்.

என்னுடையது பேஸ் மாடல். ஐந்து மூடி. அதில் எனக்கு எந்த வருத்தமும் இருந்ததில்லை.

என் மனைவியின் தங்கை கணவர், அதாவது என் சகலை, அதே காரை அதே நிறத்தில் எடுத்தார். வேண்டுமென்றே அதே நிறம் என்று நான் சொல்லமாட்டேன். மாமனார் வீட்டு வாசலில் இரண்டையும் ஒட்டி நிறுத்தினோம். அவர் என் காருக்குள் தலையை விட்டு மூடிகளை ஒவ்வொன்றாக அழுத்தினார்.

"சகலை, இது என்ன பண்ணும்?"

"ஒன்னும் பண்ணாதுங்க."

"இது?"

"அதுவும் அப்படித்தான்."

"அப்ப உங்கள மாதிரின்னு சொல்லுங்க."

மாமனார் பல்செட்டைக் கையில் பிடித்துக்கொள்ளாத குறையாகச் சிரித்தார். என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள், ஆனால் தோள் குலுங்கியது. அன்றிலிருந்து அந்த வீட்டில் என் பெயர் பேஸ் மாடல். "பேஸ் மாடல் வந்தாச்சா, இலைய போடலாமா" என்று மாமியார்கூடக் கேட்பார். மூத்த மருமகன் நான். சகலையின் மனைவி, என் மச்சினி ஒருத்திதான் கடைசிவரை மாமா என்று கூப்பிட்டாள்.

ஆனால் சகலையின் காரும் டாப் மாடல் இல்லை, ஐயா. அதற்கு ஒரு படி கீழே. அவர் காரிலும் ஒரு மூடி இருந்தது. அந்த ஒன்று அவரைத் தூங்கவிடவில்லை. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் கட்டைவிரல் அதையே தடவிக்கொண்டிருக்கும். ஒருநாள் ஷோரூமுக்கு வந்தார். என்னை ஓரங்கட்டிக் கூட்டிப்போய், முதல் தடவையாக அண்ணே என்றார்.

"அண்ணே, இந்த ஒன்ன மட்டும் எப்படியாவது போட்டுக் குடுத்துருங்க. வீட்ல யாருக்கும் தெரிய வேணாம்."

அது மலை இறக்கத்துக்கான பொத்தான். அதை அழுத்தினால், காலை எடுத்துவிட்டாலும் கார் தானே பிரேக் பிடித்து மெல்ல இறங்கும். அந்த வேலையைச் செய்கிற பெட்டி அவர் மாடலில் கிடையாது, வெளியே வாங்கி மாட்டவும் முடியாது. ஆனால் உள்ளே ஓடுகிற வயர் எல்லா மாடலுக்கும் ஒன்றுதான். மூடியை நகத்தால் நெம்பி எடுத்துவிட்டுப் பொத்தானைச் செருகினால் பச்சை விளக்கு எரியும். அவ்வளவுதான். நிறைய பேர் கேட்பார்கள். விளக்கு மட்டும்தான் எரியும் என்று சொல்லியே மாட்டிக் கொடுப்போம். அவர்களுக்கு அது போதும்.

அவருக்கும் மாட்டினேன். "வேலை செய்யுமா?" என்றார். செய்யும் என்றேன்.

நேற்று நீங்கள் விசாரித்தபோது இதோடு நிறுத்திக்கொண்டேன். வாய் தவறி ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன், அதற்கு மேல் ஒன்றுமில்லை என்றேன். நீங்களும் தலையாட்டினீர்கள். அதற்குள் ஆஸ்பத்திரியில் மச்சினி கண் விழித்துவிட்டாள்.

லீவுக்கு இருவரும் மலைக்குப் போகப்போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். சகலை நன்றாக வண்டி ஓட்டுவார். பொத்தானை அழுத்தியும் கார் வேகம் எடுத்தால் அவர் கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விடும். பத்திரமாக இறங்கி வந்து, பேஸ் மாடல் மாட்டிக் கொடுத்த லட்சணத்தைப் பாருங்கள் என்று மாமனார் வீட்டில் கதை சொல்வார். அவர்கள் மறுபடியும் சிரிப்பார்கள். அதையெல்லாம் யோசித்துத்தான் கார் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு பொறுமையாகச் சொன்னேன்.

"நல்ல இறக்கமா பாத்து சுவிட்ச போடுங்க. போட்டதும் வண்டி கொஞ்சம் வேகம் எடுக்கும், பயப்படாதீங்க. அப்புறம் அதுவே பிடிச்சுக்கும். நடுவுல பிரேக்க மிதிச்சீங்கன்னா சிஸ்டம் விட்ரும், அப்புறம் வண்டிய நிறுத்தவே முடியாது. என்ன ஆனாலும் மிதிக்காதீங்க."

திருப்பிச் சொல்லச் சொன்னேன். பள்ளிப் பிள்ளை மாதிரி சொன்னார்.

மச்சினி உங்களிடம் சொன்னது அத்தனையும் உண்மை. மிதிங்க மிதிங்க என்று அவள் கத்தியிருக்கிறாள். அவர் காலை மடக்கிச் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு, "சும்மா இரு, அண்ணன் சொல்லியிருக்காரு, இப்ப பிடிச்சுக்கும்" என்றிருக்கிறார். தடுப்புச்சுவர் வரைக்கும் அப்படியே வைத்திருந்திருக்கிறார். என் பேச்சை அவர் மதித்தது அந்த ஒரு தடவைதான்.

மச்சினிக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு வராது என்கிறார்கள். அதற்காக உண்மையிலேயே வருந்துகிறேன். பின் சீட்டில் உட்கார்ந்துகொள் என்று அவளிடம் ஞாபகமாகச் சொன்னேன். கேட்டுப்பாருங்கள், மாமா சொன்னார் என்பாள்.

வாசலில் உங்கள் மேலதிகாரி பொறாமை என்று சொன்னது காதில் விழுந்தது. பொறாமைக்காரன் எதையாவது கொடுப்பானா? நான் அவர் ஆசைப்பட்டதைக் கொடுத்தேன்.

நொறுங்கிய கார் எங்கள் ஷோரூமின் பின்கட்டுக்குத்தான் வந்தது. இன்ஜின் உள்ளே வந்துவிட்டது. பொத்தான் வரிசையில் மட்டும் ஒரு கீறல் இல்லை. துக்க வீட்டில் நாற்காலி எடுத்துப் போட்டேன், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தேன். மாமனார் என் தோளில் சாய்ந்து அழுதார். பிறகு ஷோரூமுக்குப் போய் அந்த நொறுங்கிய காரின் ஐந்து பொத்தானையும் நெம்பி எடுத்து என் காரில் செருகினேன். ஐந்தும் எரிகிறது. நீங்களே பார்த்திருப்பீர்கள்.

ஆக, கொன்றது நான்தான், ஐயா. எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். என் காரைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்தப் பொத்தான்களைக் கழற்றிவிடாதீர்கள். பழைய மூடிகளை நான் எறிந்துவிட்டேன். மாமனார் வீட்டு வாசலில் அது ஓட்டை ஓட்டையாக நின்றால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள்.