சியாதா மேட்டுச் சேறு

எர்சீலியா: கதவைத் திறந்தே வைங்க, இன்ஸ்பெக்டர். அடுப்புல அமிலம் இருக்கு. மூடினா ரெண்டு பேருக்கும் மூச்சு முட்டும்.

அபெலார்தோ: திறந்து வச்சா நாம பேசுறது கீழ்மாடி வரைக்கும் கேக்குமே, டாக்டரம்மா.

எர்சீலியா: கேக்கட்டுமே. ஒரு ஜோடி நார்ச் செருப்பைப் பத்திப் பேசுறதுல என்ன ரகசியம்?

அபெலார்தோ: முந்தாநாள் நான் குடுத்துட்டுப் போனது ஒத்தைச் செருப்பு. ஜோடின்னு எதுக்குச் சொன்னீங்க?

எர்சீலியா: செருப்புன்னா வாய்ல ஜோடின்னுதான் வருது. இதுக்கெல்லாமா ஒரு கேள்வி? உக்காருங்க. அந்த முக்காலி வேண்டாம், ஆடும்.

அபெலார்தோ: தொழில் பழக்கம், தப்பா எடுத்துக்காதீங்க. அதுல ஒட்டியிருந்த சேத்தைப் பாத்தாச்சா?

எர்சீலியா: பாத்தாச்சு. இன்னிக்கு என்ன, சீருடை இல்லாம வந்திருக்கீங்க?

அபெலார்தோ: சில வேலைக்குச் சீருடை ஆகாது. சொல்லுங்க, அந்தச் செருப்பு எங்கெல்லாம் நடந்திருக்கு?

எர்சீலியா: முதல்ல இந்த வெல்லத் தண்ணியைக் குடிங்க. மழையில நனைஞ்சு வந்திருக்கீங்க.

அபெலார்தோ: நீங்க குடிக்கலியா?

எர்சீலியா: விஷம் வைக்கிறதா இருந்தா இங்கதான் இத்தனை பாட்டில் இருக்கே, வெல்லம் எதுக்கு... குடிங்க.

அபெலார்தோ: நான் அப்படி நினைக்கல.

எர்சீலியா: நினைச்சீங்க. டம்ளரை மோந்து பாத்தீங்களே.

அபெலார்தோ: சரி, பாத்தேன். இப்ப செருப்புக்கு வருவோமா?

எர்சீலியா: தையலுக்குள்ள இருந்த சேத்துல மகரந்தம் கிடைச்சுது. மோரிச்சே பனையோட மகரந்தம். அந்தப் பனை சூட்டு நிலத்துல, தண்ணியோரமா வளர்றது. இந்தக் குளிர் மலையில ஒரு கன்னு கூடக் கிடையாது. அதனால ஆள் கிழக்கே சமவெளியிலேருந்து வந்தவன். அவ்வளவுதான்.

அபெலார்தோ: சமவெளின்னா கடல் மாதிரி கிடக்கு. எந்த ஊரு?

எர்சீலியா: ஊர்ப் பேரெல்லாம் மகரந்தத்துல எழுதியிருக்காது.

அபெலார்தோ: சமவெளியில சண்டை நடக்குது, டாக்டரம்மா. அங்க போய்த் தேடுறவன் முழுசாத் திரும்புறது கஷ்டம்.

எர்சீலியா: அப்போ போகாதீங்க. ஒரு பழைய செருப்புக்காக யாராவது உசிரைக் குடுப்பாங்களா?

அபெலார்தோ: என்னை எங்கேயோ தூரமா அனுப்பிவிடப் பாக்குற மாதிரி இருக்கு.

எர்சீலியா: கேட்டீங்க, சொன்னேன். வேற என்ன?

அபெலார்தோ: உங்களைப் பத்தி நாலு பேர்கிட்ட விசாரிச்சேன்.

எர்சீலியா: செருப்பை விட்டுட்டு என்னை விசாரிச்சீங்களா?

அபெலார்தோ: எர்சீலியா மோன்காயோ. போபயான்ல மருந்துக்கடைக்காரர் மக. ஸ்வீடனுக்குப் போய் பழைய மகரந்தம் பாக்கப் படிச்சவங்க. இந்த நாட்டுல அந்தப் படிப்பு படிச்ச முதல் ஆள். கல்யாணம் ஆகல. ஏன்?

எர்சீலியா: அதுவும் போலீஸ் விஷயமா?

அபெலார்தோ: சும்மா கேட்டேன்.

எர்சீலியா: ஒருத்தர் கேட்டார். வீட்டு அடுப்புல சேறு கொதிக்க வைக்கக் கூடாதுன்னார். அதுக்கு மேல பேச்சு வளரல.

அபெலார்தோ: வீட்டு அடுப்புலயா?

எர்சீலியா: பின்ன எங்க? திரும்பி வந்தப்போ பல்கலைக்கழகத்துல என்ன சொன்னாங்க தெரியுமா? பொம்பளைப் பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல பூப்படம் வரையக் கத்துக்குடுங்கன்னாங்க. பகல்ல பூ வரைஞ்சேன். சாயங்காலம் சமையலறையில சேத்தை அமிலத்துல போட்டேன். மண்ணெல்லாம் கரைஞ்சு போகும், மகரந்தம் மட்டும் நிக்கும். கையைப் பாருங்க, அப்போ சுட்ட தழும்புதான் எல்லாம்.

அபெலார்தோ: ஆம்பளை கால்சட்டை போட்டுக்கிட்டு மலை ஏறினதா சொல்றாங்க.

எர்சீலியா: பாவாடையோட ஏரிச் சேத்துல இறங்கிப் பாருங்க, தெரியும். சியாதா ஊர்ல பாதிரியார் பூசையிலயே என்னைத் திட்டினார். ஊர்க்காரங்க நான் தங்கம் தேடுறேன்னு நினைச்சாங்க. நான் தரையில இறக்கின குழாயிலேருந்து வெறும் சேறு வந்ததைப் பாத்ததும் பைத்தியம்னு முடிவு பண்ணிட்டாங்க. அதுக்கப்புறம் தொந்தரவே இல்லை.

அபெலார்தோ: சியாதா மேடு... அங்க பெரிய குழி ஒண்ணு வெட்டியிருக்கீங்க.

எர்சீலியா: பல இடத்துல வெட்டியிருக்கேன்.

அபெலார்தோ: நான் அந்த ஒண்ணைக் கேட்டேன்.

எர்சீலியா: ...வெட்டியிருக்கேன். அதுக்கு என்ன இப்போ?

அபெலார்தோ: அந்தக் குழியோட அடியில என்ன கிடைச்சுதுன்னு நீங்களே சொல்லுங்களேன்.

எர்சீலியா: உங்களுக்குத் தெரிஞ்சதை என் வாயால கேக்கணுமா?

அபெலார்தோ: கேக்கணும்.

எர்சீலியா: பனை மகரந்தம். மோரிச்சே பனை. அந்தக் குளிர்ல, அந்த உயரத்துல. கண்டதும் நானே நம்பல. அப்புறம் புரிஞ்சுது, பனை மலை ஏறி வரல. மலைதான் ஏறியிருக்கு. அந்தச் சேறு படிஞ்ச காலத்துல அது தாழ்ந்த, சூடான நிலம். மனுசனே இல்லாத காலம். அப்புறம்தான் மெல்ல எழும்பி மேகத்துக்குப் போச்சு.

அபெலார்தோ: நாங்க உக்காந்து கஞ்சி குடிக்கிற மலையா?

எர்சீலியா: அதேதான். விஞ்ஞானிங்க சபையில சொன்னேன், சிரிச்சாங்க. காத்துல பறந்து வந்த குப்பைன்னாங்க. கீழ்மாடியில சினிஸ்தேரான்னு மண் ஆராயுற பெரிய மனுசர் இருக்காரே, குடை பிடிச்சுக்கிட்டு மலை ஏறுற பனைமரம் ஒண்ணைப் படம் வரைஞ்சு, என் கதவுல ஒட்டினார். மரத்துக்கு என் மூக்கையே போட்டிருந்தார்.

அபெலார்தோ: அவரைத்தான் நேத்து பாத்தேன்.

எர்சீலியா: யாரை?

அபெலார்தோ: சினிஸ்தேரா அய்யாவை. உங்ககிட்ட செருப்பைக் குடுக்குறதுக்கு முன்னாடியே பாதிச் சேத்தைச் சுரண்டி அவர்கிட்ட குடுத்திருந்தேன்.

எர்சீலியா: என்னைச் சோதிக்கிறதுக்கா?

அபெலார்தோ: ஒருத்தர் சொல்றதை மட்டும் நம்புற வழக்கம் எங்களுக்கு இல்லை.

எர்சீலியா: அந்த ஆள் என்ன சொன்னார்?

அபெலார்தோ: பனைதான்னார். ஆனா புதுசு இல்லையாம். நசுங்கி, பழுப்பேறிப் போன பழைய மகரந்தமாம். இப்போ சமவெளியில நிக்கிற மரத்தோடது இல்லவே இல்லையாம். இப்படிச் சேறு இந்தப் பக்கத்துல ஒரே இடத்துலதான் வெளிய தெரியுதாம். சியாதா மேட்டுல, நீங்க வெட்டின குழியில.

எர்சீலியா: ...பழசுன்னு சொன்னாரா?

அபெலார்தோ: சொன்னார்.

எர்சீலியா: அவர் வாயாலயே?

அபெலார்தோ: என் முன்னாடி. பக்கத்துல இன்னும் ரெண்டு பேர் இருந்தாங்க.

எர்சீலியா: காத்துல வந்ததுன்னு சொல்லலையா?

அபெலார்தோ: காத்துல வந்தது இப்படி நசுங்காதுன்னார்... எதுக்குச் சிரிக்கிறீங்க?

எர்சீலியா: ஒண்ணும் இல்லை. இத்தனை வருஷம் அந்த ஒரு வார்த்தைக்குக் காத்துக்கிடந்தேன். கடைசியில ஒரு போலீஸ்காரர்கிட்டப் போய் ஒத்துக்கிட்டிருக்கார். அதுவும் என்னைப் பொய்க்காரின்னு காட்டுறதுக்கு.

அபெலார்தோ: பொய்தானே சொன்னீங்க? அந்தச் சேத்தை முதமுதல்ல கண்டுபிடிச்சவங்க நீங்க. உங்களுக்குப் பழசு எது, புதுசு எதுன்னு தெரியாம இருக்குமா?

எர்சீலியா: கண் மங்கிப் போச்சு. வயசாகுது.

அபெலார்தோ: நான் டம்ளரை மோந்து பாத்தது மட்டும் தெரிஞ்சுதே.

எர்சீலியா: ...என்ன வேணும் உங்களுக்கு?

அபெலார்தோ: போன ஆகஸ்ட்டுல நீங்க அங்க வேலை செஞ்சதா ஊர்ல சொல்றாங்க. அப்போ குழிக்கிட்ட யாரெல்லாம் இருந்தாங்க?

எர்சீலியா: நான் இருந்தேன். சுமை ஏத்துறவன் இருந்தான். மழை இருந்துச்சு.

அபெலார்தோ: சுமை ஏத்துறவன்னா... தேரியோ. கோவேறு கழுதை வச்சிருக்கானே.

எர்சீலியா: அவனை எப்படித் தெரியும்?

அபெலார்தோ: அந்தச் செருப்பு அவன் கால்லதான் கிடந்துச்சு. சந்தையில பிடிச்சோம். லாக்கப்புல இருக்கான். நாளைக்கு ராணுவத்துக்காரங்க வந்து கூட்டிட்டுப் போறாங்க.

எர்சீலியா: ராணுவமா? எதுக்கு? அவன் கழுதைக்கு வலிக்குமேன்னு பாதிச் சுமையைத் தான் தூக்கிட்டு வர்றவன். என் குழியில வேலை செஞ்சவன் செருப்புல என் குழிச் சேறு இருக்காதா? அதுல என்ன குத்தம்?

அபெலார்தோ: இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே. சமவெளிக்கு ஏன் அனுப்பினீங்க?

எர்சீலியா: அவன் பேரை இழுக்க வேண்டாம்னுதான்...

அபெலார்தோ: அவன் பேரை நான் சொல்லவே இல்லையே அப்போ. செருப்பு யார் கால்ல இருந்துச்சுன்னும் சொல்லல.

எர்சீலியா: இருங்க, அடுப்பு பொங்குது.

அபெலார்தோ: அது தேரியோ செருப்பும் இல்லை, டாக்டரம்மா. அவன் கால் பெருசு, குதிகால் வெளிய நீட்டிக்கிட்டிருந்துச்சு. வேற எவனோ போட்டுத் தேய்ஞ்ச செருப்பு.

எர்சீலியா: அவன் என்ன சொல்றான்?

அபெலார்தோ: வாயே திறக்கல. அடிச்சாங்க. அப்பவும் திறக்கல.

எர்சீலியா: அடிச்சாங்கன்னா? நீங்க எங்க போயிருந்தீங்க?

அபெலார்தோ: தடுத்தேன். முடிஞ்ச வரைக்கும்.

எர்சீலியா: முடிஞ்ச வரைக்கும்... நல்லா இருக்கு. யாரோடதுன்னே தெரியாத செருப்புக்கு ஒரு மனுசனை அடிப்பீங்களா?

அபெலார்தோ: யாரோடதுன்னு தெரியும்.

எர்சீலியா: யாரோடது?

அபெலார்தோ: என் தம்பியோடது. நெமேசியோ. பட்டையை எங்க அம்மா பின்னினாங்க. அந்தப் பின்னலை அவங்களைத் தவிர எவரும் போட மாட்டாங்க. அவன் மலைக்குப் போய், அரசாங்கத்தை எதிர்த்துச் சண்டை போடுற கூட்டத்தோட சேந்ததுலேருந்து அம்மா சந்தைக்கு வந்தா யார் மூஞ்சியையும் பாக்குறதில்லை. காலைத்தான் பாப்பாங்க. போன வாரம் தேரியோ காலைப் பாத்துட்டு, அங்கேயே உக்காந்து அவன் கணுக்காலைப் பிடிச்சுக்கிட்டாங்க. விடவே இல்லை.

எர்சீலியா: ...போலீஸ்ல இப்படியும் பொறி வைப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன்.

அபெலார்தோ: பொறி இல்லை.

எர்சீலியா: பொறியா இருந்தா மட்டும் பொறின்னு சொல்வீங்களா? தம்பிங்கிறீங்க. அம்மாங்கிறீங்க. நான் அழுதுகிட்டு ஒரு ஊர்ப் பேரைச் சொல்லணும். நாளைக்கு அந்த ஊர்ல கூரை எரியணும். சியாதாவுல சின்னப் பிள்ளைங்க இருக்காங்க, அய்யா.

அபெலார்தோ: அப்போ சியாதாவுலதான் ஏதோ நடந்திருக்கு.

எர்சீலியா: நான் அப்படிச் சொல்லல.

அபெலார்தோ: அவன் உசிரோட இருக்கானான்னு மட்டும் சொல்லுங்க. வேற எதுவும் வேண்டாம்.

எர்சீலியா: தம்பி மலைக்குப் போனவன்னு உங்க மேலதிகாரிக்குத் தெரியுமா?

அபெலார்தோ: எதுக்குக் கேக்குறீங்க?

எர்சீலியா: தெரியுமா, தெரியாதா?

அபெலார்தோ: தெரியாது. வேலைக்காகப் பட்டணம் போயிருக்கான்னு சொல்லி வச்சிருந்தேன்.

எர்சீலியா: தெரிஞ்சா?

அபெலார்தோ: அன்னிக்கே வேலை போகும். வேலையோட போனா அதிர்ஷ்டம்.

எர்சீலியா: அப்போ எழுந்து போங்க. செருப்பையும் எடுத்துட்டுப் போங்க. நீங்க இங்க வரவே இல்லை, நானும் எதையும் பாக்கல. அது உங்களுக்குத்தான் நல்லது.

அபெலார்தோ: எனக்கு எது நல்லதுன்னு உங்களுக்கு என்ன அக்கறை?

எர்சீலியா: எனக்கு இல்லை... போங்கன்னு சொல்றேன்ல. உங்க வேலை, உங்க அம்மா, அதைப் பாருங்க.

அபெலார்தோ: வேலை இல்லை, டாக்டரம்மா.

எர்சீலியா: என்ன?

அபெலார்தோ: இன்னிக்குக் காலைல சீருடையை மடிச்சுக் குடுத்துட்டு வந்துட்டேன். நான் இன்ஸ்பெக்டரே இல்லை. இவ்வளவு நேரம் உங்களைக் கேட்ட கேள்வியில ஒண்ணைக் கூடக் கேக்க எனக்கு அதிகாரம் கிடையாது.

எர்சீலியா: இதுவும் பொய்யா இருந்தா?

அபெலார்தோ: லாக்கப்புன்னு சொன்னதுதான் பொய். நேத்தே தேரியோவைப் பின்கதவு வழியா அனுப்பிட்டேன். அதை மறைக்க முடியாதுன்னுதான் நானே கிளம்பிட்டேன். அந்தச் சன்னல் வழியா எட்டிப் பாருங்க. எதிர்ல ரொட்டிக்கடை வாசல்ல.

எர்சீலியா: இருங்க, கண்ணாடியைத் துடைக்கிறேன்.

அபெலார்தோ: தெரியுறானா?

எர்சீலியா: ஒரு பக்கம் முகமே வீங்கியிருக்கு. நின்னுக்கிட்டே ரொட்டி தின்னுறான்.

அபெலார்தோ: விட்டதுக்கப்புறமும் வாயைத் திறக்கல அவன். டாக்டரம்மா சொல்லட்டும், அவங்க சொன்னா நான் வழி காட்டுறேன்னு மட்டும் சொன்னான்.

எர்சீலியா: உண்மையிலயே விட்டுட்டியா வேலையை? திரும்பச் சேந்துக்க முடியாதா?

அபெலார்தோ: திரும்பப் போனா கைவிலங்கோடதான் போகணும். சாயங்காலத்துக்குள்ள நானும் அம்மாவும் ஊரை விட்டுக் கிளம்பணும். அதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்கணும். எங்க தேடுறதுன்னு சொல்லுங்க.

எர்சீலியா: தேட வேண்டியதில்லை, அபெலார்தோ. குழிக்கு மேல்பக்கம், காத்துப் படாத இடமாப் பாத்து நானும் தேரியோவும்தான் அவனை மண்ணுல வச்சோம். உன் தம்பி வயித்துல குண்டோட வந்தான். தேரியோ முதுகுல தூக்கிட்டு வந்து என் கூடாரத்துல போட்டான். அதுக்காகத்தான் தன் செருப்பைக் கழட்டி அவனுக்குக் குடுத்தான் உன் தம்பி. ஒரு பகல் உசிரோட இருந்தான். யார் சுட்டாங்கன்னு சொல்லல, வலிக்குதுன்னு கூடச் சொல்லல. சொன்னதெல்லாம் ஒண்ணுதான். "எங்க அண்ணன் போலீஸ்ல இருக்கான், என்னைத் தேடிக்கிட்டு வருவான், அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, அவன் வேலை போயிடும்." என் கையைப் பிடிச்சு சத்தியம் வாங்கினான். முந்தாநாள் அந்தச் செருப்போட, அவன் முகச் சாயலோட நீ வாசல்ல வந்து நின்னதுமே நீதான் அந்த அண்ணன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் சொல்லல.