டீ குடிக்கப் போயிருக்கார்

"சார், ஒருத்தங்க சரின்னும் சொல்லாம, வேண்டாம்னும் சொல்லாம இருந்தா என்ன அர்த்தம்?" என்று இறந்துபோனவர் போன மாதம் எங்கள் வீட்டு வாசலில் நின்று என்னிடம் கேட்டார். அங்கிருந்து சொன்னால்தான் விளங்கும் என்பதால் காவல் ஆய்வாளரின் அனுமதியோடு அங்கிருந்தே தொடங்குகிறேன்.

என் பெயரும் முகவரியும் மேலே எழுதப்பட்டுள்ளன. வயது எழுபத்தொன்று. ஓய்வுபெற்ற கணித ஆசிரியன். மனைவி உயிருடன் இல்லை. அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் என் ஒரே மகளுடன் குடியிருக்கிறேன். இறந்தவர் அவளுக்குப் பக்கத்து இருக்கைக்காரர். நாற்பது வயதாகியும் மணமாகாதவர் என்பதால் அலுவலகத்தில் அவரை 'மாப்பிள்ளை' என்றே கூப்பிடுவார்கள். அவர் கேட்டது என் மகளைப் பற்றித்தான். வகுப்பில் கை தூக்காத பிள்ளைகளிலும் விடை தெரிந்தவர்கள் உண்டு, இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள் என்றேன். அதன் பிறகு அவர் கேட்டதாகவும், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தால் சொல்வதாக இவள் சொன்னதாகவும் மகள் மூலம் அறிந்தேன்.

அலுவலகத்தில் நடந்தவை அவள் சொல்லித் தெரிந்தவை. அங்கே வெளியே போகிறவர்கள் நாற்காலியில் ஸ்வெட்டரைப் போட்டுவிட்டுப் போவார்கள். யாராவது கேட்டால் பக்கத்தில் இருப்பவர் "இப்பத்தான் டீ குடிக்கப் போனார்" என்பார். ஒரு பிள்ளைக்காக இன்னொரு பிள்ளை 'உள்ளேன் ஐயா' சொல்வதைப் போன்றது இது. அவரைக் காணவில்லையென்றால் மேலாளர் இவளிடம்தான் வருவார். "மாப்பிள்ளை எங்கம்மா? உன்னைக் கேக்காம நான் யாரைக் கேக்குறது?" என்பார். இதைச் சொல்லும்போது மகள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கோபமில்லை என்பது எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை மாலை அவர் ஸ்வெட்டரை நாற்காலியில் போட்டுவிட்டு, கீழ்த்தளத்தில் பழைய கோப்புகள் வைத்திருக்கும் அறைக்குப் போயிருக்கிறார். அங்கே இரும்பு அலமாரி அவர்மேல் சரிந்திருக்கிறது. அதன் பிறகு காவலாளி வெளியிலிருந்து குரல் கொடுத்துப் பார்த்துவிட்டு அறையைப் பூட்டியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் திரைச்சீலைகளைத் துவைத்துப் போட்டாள். முன்னறை நாற்காலிகளை இரண்டு முறை இடம் மாற்றினாள். அவர் வரவில்லை. "போன் பண்ணிப் பாரேன்" என்றேன். "பொண்ணு நானாப்பா போய்க் கேக்கணும்?" என்றாள். இருட்டிய பிறகு நாற்காலிகளைப் பழைய இடத்தில் போட்டாள்.

திங்கட்கிழமை அவர் நாற்காலியில் ஸ்வெட்டரைப் பார்த்ததும், அவர் வந்துவிட்டு, தன் முகத்தில் விழிக்கக் கூசி எழுந்து போயிருப்பதாக நினைத்திருக்கிறாள். மேலாளர் கேட்டபோது வழக்கமான பதிலைச் சொல்லியிருக்கிறாள். அதன் பிறகு, மதியம், வெளியூரிலிருக்கும் அவருடைய தாயார் அலுவலகத்துக்குப் பேசியிருக்கிறார். போனை எடுத்தவள் என் மகள்.

"ரெண்டு நாளா கூப்பிட்டாக் கிடைக்கலைம்மா. என் பிள்ளை வேலைக்கு வந்திருக்கானா?"

"வந்திருக்கார்மா. டீ குடிக்கப் போயிருக்கார்."

"அப்பாடா. உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"நல்லா இருக்கார்."

"நீ யாரும்மா?"

"கூட வேலை செய்றேன்."

தாயார் நிம்மதியாகிப் போனை வைத்திருக்கிறார். புதன்கிழமை துப்புரவுப் பணியாளர் அறையைத் திறந்திருக்கிறார். திங்கள் இரவு வரை உயிர் இருந்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்னபோது என் மகள் என் பக்கத்தில் நின்றிருந்தாள்.

அதன் பிறகு பிணவறை வாசலில் அந்தத் தாயாரின் காலைப் பிடித்துக்கொண்டு, "நான்தான்மா கொன்னேன்" என்றாள். தாயார் காலை இழுத்துக்கொள்ளவில்லை. அவள் யார் என்றும் கேட்கவில்லை. அந்த வார்த்தையைக் குற்ற ஒப்புதல் என்று எழுதியிருக்கிறார்கள். அவள் பொய் சொன்னாள், அதை நான் மறுக்கவில்லை. கொல்லவில்லை. மூன்று நாளாக அவள் தண்ணீர் தவிர எதையும் தொடவில்லை. காவலில் வைத்தால் நீங்கள் தண்டிக்கும் முன்பே எனக்குப் பிள்ளை இருக்காது.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னதுதான் எழுதப்பட்டிருக்கிறது. தெரிந்து ஒரு பொய்யும் சொல்லவில்லை என உறுதி கூறிக் கையெழுத்திடுகிறேன். தீர்மானிக்கப்போகும் அதிகாரிக்கு ஒரே வேண்டுகோள்: கையெழுத்துப் போடும் முன் உங்கள் அலுவலகத்தில் காலியாக இருக்கும் ஒரு நாற்காலியைக் காட்டி, பக்கத்தில் இருப்பவரிடம் அவர் எங்கே என்று கேட்டுப் பாருங்கள்.

(ஒப்பம்)